கன்னத்தில் தேய்மானம் இல்லை

ஜனவரி 9

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சலவைக்கூடப் பொறுப்பாளரும் தங்கள் மாப்பிள்ளையின் தாயாருமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் டிசம்பர் மாதக் கடிதத்துக்கு இத்தனை தாமதமாகப் பதில் எழுதுவதற்கு முதற்கண் மன்னிப்பைக் கோருகிறேன். உலர்த்தும் இயந்திரம் ஒன்று பழுதாகிவிட்டது என்று காரணம் சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த இயந்திரம் மறுநாளே சரியாகிவிட்டது. மற்ற நாள்களின் தாமதத்துக்கு என் கோபம் ஒன்றே காரணம் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

நம் பிள்ளைகளின் வீட்டு விருந்தில் நடந்ததைத் தாங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. சில்லறையில் எனக்குக் கிடைத்த அந்தப் பெண்முக நாணயத்தை நான் உறையிலிருந்து எடுத்து, புதுநிலை என்று சொல்லி மேசையில் வைத்தேன். தாங்கள் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்து, வாயில் சோற்றுடன், "சம்பந்தி, கன்னம் தேஞ்சிருக்கே!" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். தாங்கள் நாணயத்தைச் சொன்னீர்களா, என்னைச் சொன்னீர்களா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டது தங்கள் காதில் விழுந்திருக்காது.

அதன் பிறகு நம் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து செய்த காரியம் தங்களுக்குத் தெரியும். நாணயம் சேர்ப்போரின் சங்கமாகிய நம் நாணய வட்டத்தின் கண்காட்சியில், சில்லறைப் பிரிவின் இணைப் போட்டிக்கு நம் இருவர் பெயரையும் நம்மைக் கேட்காமலே பதிந்துவிட்டார்கள். மருமகளிடம் கேட்டேன். "அத்தை, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்ல, அதான்," என்றாள். பதிவைத் திரும்பப் பெற முடியாது என்று வட்டத்தின் செயலாளர் சொல்லிவிட்டார்.

ஆகவே வேலையைப் பேசுவோம். பத்து நாணயங்கள், ஆளுக்கு ஐந்து. எதுவும் விலைக்கு வாங்கியதாக இருக்கக் கூடாது. கடையிலோ கவுண்டரிலோ சில்லறைப் புழக்கத்தில் கைக்கு வந்ததாகவே இருக்க வேண்டும். பிற்பாடு சச்சரவு வராமலிருக்க, ஐந்து நிலைகளையும் இங்கே எழுதிவைக்கிறேன்: தேய்மானமே இல்லாதது புதுநிலை, மேடான இடங்கள் மட்டும் லேசாக உரசுப்பட்டது அண்மைநிலை, அதற்குக் கீழே நன்று, நடுத்தரம், தேய்வு. நாணயம் அழகாயிருப்பதற்குப் பரிசில்லை. நாம் எழுதும் நிலையும், அதைப் பாராமல் நடுவர்கள் எழுதும் நிலையும் ஒத்துப்போவதற்கே பரிசு. குறைத்து எழுதினால் ஒற்றை அபராதம். கூட்டி எழுதினால் இரட்டை.

கடந்த ஆண்டு என் தனிப்பதிவின் மீது "மிகை மதிப்பு" என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். இந்த ஆண்டும் ஒரே ஒரு நாணயத்தை நான் கூட்டி மதிப்பிட்டாலும் வட்டத்தின் மதிப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயர் நீங்கிவிடும். எட்டாம் வகுப்போடு நின்று, நூலகப் புத்தகங்களைக் கொண்டு தானே படித்து ஏறிய ஒருத்திக்கு அந்தப் பட்டியல் என்ன என்பதைத் தங்களுக்கு விளக்கிச் சொல்ல என் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. தாங்களே ஊகித்துக்கொள்வீர்களாக.

பெண்முக நாணயம் பத்தில் ஒன்றாக இருக்கும். இது என் முடிவு.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


ஜனவரி 15

அன்புள்ள சம்பந்திக்கு,

நீங்கள் மன்னிப்புக் கேட்ட அழகில் நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிவிட்டது. சரி, கேட்கிறேன். எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு. வாயில் சோற்றோடு சொன்னது அதைவிடத் தப்பு. ஆனால் சொன்ன விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நான் பார்த்ததைச் சொன்னேன்.

படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிற எனக்குப் பொழுது விடிந்தால் சில்லறை, பொழுது சாய்ந்தால் சில்லறை. ஈரக்கையோடு நீட்டுவார்கள். மீன்கூடையில் விழுந்ததை எடுத்து நீட்டுவார்கள். பத்தில் எட்டுக்குக் கன்னம் தேய்ந்துதான் இருக்கும். அதனால் தேய்மானம் என்றால் என் கண் தானாகப் போய் நிற்கும். உங்கள் மனதைப் புண்படுத்துவதற்காக அது வேலை செய்வதில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் கடையில் எந்த வெளிச்சத்தில் நாணயத்தைப் பார்க்கிறீர்கள்? போன தடவை வந்தபோது பார்த்தேன், கூரை முழுக்க வரிசையாக டியூப் லைட். அந்த வெளிச்சம் நாலா பக்கமும் பரவி எல்லாவற்றையும் மெழுகிவிடும். அதற்குக் கீழே நின்றால் நானே அண்மைநிலை! வீட்டில் ஒரு மேசைவிளக்கை மட்டும் ஏற்றி, மற்றதை அணைத்துவிடுங்கள். நாணயத்தை விளிம்பில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாயுங்கள். புது நாணயமென்றால் வெளிச்சம் சக்கரம் மாதிரி முகத்தைச் சுற்றி உருண்டு ஓடும். எங்கே நொண்டுகிறதோ அங்கே தேய்மானம். இதை எனக்குச் சொன்னது புத்தகம் இல்லை. மழைநாளில் படகு வராதபோது பொழுது போகாமல் கண்டுபிடித்தது.

உங்கள் பேர் பட்டியலில் இருந்து போகும் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. மகளிடம் சொன்னேன். "ஐயோ அம்மா, அத்தைகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?" என்று அழாத குறை. விளையாட்டாகச் செய்யப்போய் இப்படி ஆகிவிட்டது. இனிமேல் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

என் யோசனை: நீங்கள் உங்கள் ஐந்தை அனுப்புங்கள், நான் என் ஐந்தை அனுப்புகிறேன். நிலையைத் தனிச்சீட்டில் எழுதி ஒட்டிய உறையில் வையுங்கள். நான் பார்த்து என் நிலையை எழுதிய பிறகுதான் உங்கள் உறையைப் பிரிப்பேன். நீங்களும் அப்படியே. அப்போது யார் யாரை ஏமாற்ற முடியும்?

போனில் பேசினால் சீக்கிரம் முடியும். ஆனால் நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அம்மாவுக்கு எழுத்துலதான் கோபம் ஒழுங்கா வரும்," என்றார்.

அன்புடன்,
சம்பந்தி


ஜனவரி 28

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்தபோது என் மகன் மீது எனக்கு எழுந்த கோபம் எழுத்தில் அடங்காதது. அது நிற்க.

தாங்கள் கூறியபடி மேசைவிளக்கை வாங்கினேன். கூடத்து விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு என் புதுநிலைப் பெட்டியைத் திறந்தேன். சம்பந்தியம்மா, அதன் பிறகு நடந்ததை ஓர் அரசவைக் கலைப்பு என்றே சொல்ல வேண்டும். நான் இத்தனை ஆண்டுகள் புதுநிலை என்று போற்றி வந்தவற்றில் ஏறக்குறையப் பாதி அந்த ஒற்றை விளக்கின் கீழே நொண்டின. ஒன்றின் நெற்றி, ஒன்றின் காதோரம், ஒன்றின் தாடை. ஒவ்வொன்றாக எடுத்து அண்மைநிலைப் பெட்டிக்கு மாற்றினேன். கடந்த ஆண்டு நடுவர்கள் குத்திய முத்திரை நியாயமானதே என்பது எனக்கு அப்போது விளங்கியது. விளங்கியதும் துயரம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மாறாக, பூட்டிக் கிடந்த அறை ஒன்று என் வீட்டிலேயே இருந்ததைக் கண்டவளுக்கு உண்டாகும் மகிழ்ச்சி உண்டாயிற்று. தாங்கள் மழைநாளில் கண்டுபிடித்தது ஒரு பெரிய விஷயம். அதை இவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் பெண்முக நாணயத்தை அதே விளக்கின் கீழே பலமுறை சாய்த்துப் பார்த்தேன். வெளிச்சம் நொண்டவில்லை. கன்னம் மழுங்கலாகத்தான் தெரிகிறது, அதை மறுக்கவில்லை. ஆயினும் வெளிச்சம் அந்த மழுங்கலின் மீதும் ஏறி இறங்கி ஓடுகிறது. ஆகவே அது புதுநிலை.

அந்த நாணயம் கைக்கு வந்த விதத்தையும் தாங்கள் அறிய வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர், மருந்துக் கடையில் மீதியாக வாங்கிய சில்லறையோடு நேரே வந்தார். கடைக்காரர் வங்கிப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருக்கிறார். வாடிக்கையாளர் அந்த நாணயத்தைத் துவைக்கும் இயந்திரத்தின் காசுத் துளையில் நுழைக்கப்போன கணத்தில் பளபளப்பைப் பார்த்துவிட்டேன். "போடாதீங்க!" என்று கத்தினேன். அந்த மனிதர் இயந்திரத்தில் மின்சாரம் பாய்கிறது என்று நினைத்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். "கரண்ட்டா?" என்றார். "இல்லீங்க, காசு," என்றேன். என் பணப்பெட்டியிலிருந்து வேறொன்றைக் கொடுத்து, அதை விளிம்பில் பிடித்து வாங்கினேன். என் இயந்திரத்தின் துளைக்குள் அது ஒருமுறை விழுந்திருந்தால் முகத்தில் கீறல் வாங்கியிருக்கும். விழவில்லை.

என் ஐந்தும் இத்துடன் பதிவுத் தபாலில் வருகின்றன. தங்கள் ஐந்தும் கிடைத்தன; பார்த்து நிலை எழுதி, அந்தச் சீட்டோடு அவற்றையும் இதிலேயே திருப்பி அனுப்புகிறேன். அவற்றில் கடல் வாசனை வருகிறது. ஒன்றில் பச்சைப் புள்ளி இருக்கிறது. அதைத் தாங்கள் என்னவென்று மதிப்பிட்டிருந்தாலும் நான் நடுத்தரம் என்றே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


பிப்ரவரி 6

அன்புள்ள சம்பந்திக்கு,

அரசவைக் கலைப்பை இரண்டு தடவை சத்தம்போட்டுப் படித்தேன். உங்களை மாதிரி ஒருவர் தன் பெட்டியைத் தானே கலைப்பது லேசில்லை. எங்கள் படகோட்டி, நாங்கள் 'கேப்டன்' என்று கூப்பிடுகிறவர், கவுண்டர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "யாருங்க இந்த அம்மா? இவங்க சண்டை போட்டாக்கூடப் பாராட்டு மாதிரி இருக்கு!" என்றார்.

உறைகளைப் பிரித்தாயிற்று. எட்டு நாணயங்களில் நாம் இரண்டு பேரும் எழுதியது ஒன்றேதான். என்னால் நம்ப முடியவில்லை. இரண்டில்தான் தகராறு. பச்சைப் புள்ளி நாணயத்தை நான் நன்று என்று எழுதினேன், நீங்கள் நடுத்தரம் என்று எழுதினீர்கள். பெண்முகத்தை நீங்கள் புதுநிலை என்று எழுதினீர்கள், நான் அண்மைநிலை என்று எழுதினேன்.

பெண்முகத்தைத்தான் பேச வேண்டும். விளக்கில் பார்த்தேன். வெளிச்சம் ஓடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கன்னத்தில் கூர்மை இல்லை. அந்தக் கன்னத்தைப் பார்த்த உடனே என் கை தானாக அண்மைநிலை என்று எழுதிவிட்டது. நடுவர்கள் மூன்று பேருக்கும் கை அப்படித்தான் எழுதும்.

அதனால் சொல்கிறேன். ஒரு படி இறக்கி எழுதுவோம். நீங்கள் சொன்னதே சரியாக இருந்தாலும் ஒற்றை அபராதத்தோடு போகும். கூட்டி எழுதி அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் பேர் போய்விடும். ஒரு கன்னத்துக்காகப் பட்டியலையே இழப்பார்களா? மகள் தினமும் போன் பண்ணி, "அத்தை பேர் போகாம பாத்துக்கம்மா," என்கிறாள். அவள் செய்த வினை, என் தலையில் விழுந்திருக்கிறது.

உங்களைத் தோற்கடிக்கச் சொல்லவில்லை. நீங்கள் பட்டியலில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். தவிர, அடுத்த வருஷம் நான் யாரோடு சண்டை போடுவது?

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா,

தங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி. யோசனையை ஏற்க மாட்டேன்.

அறியாமல் கூட்டி எழுதினேன், தண்டிக்கப்பட்டேன். அதில் அவமானம் இல்லை. இப்போது அறிந்தே குறைத்து எழுதச் சொல்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைப் பயத்தால் வேறாக எழுதி, அதைக்கொண்டு ஒரு பட்டியலில் ஒட்டிக்கொண்டிருப்பவள் மதிப்பாளரா? அப்படி இருப்பதைவிட, சரியான நிலையை எழுதி வெளியேற்றப்படுவதே எனக்கு ஏற்றது.

ஆனால் தாங்கள் இணையாளர். தங்கள் கையெழுத்தின்றி நிலை நிற்காது. ஆகவே தங்களிடம் நான் மன்றாடவில்லை. ஒரே ஒரு காரியத்தைச் செய்து பார்க்கும்படி கேட்கிறேன். நாணயத்தைத் திருப்புங்கள். மறுபக்கத்தில், அனுப்பும் முன் நான் குறித்துவைத்தபடி, கதிர்க்கட்டு இருக்கிறது. கதிர்களின் நுனிகள்தாம் அந்தப் பக்கத்தின் மேடு; பையில் உரசினால் முதலில் தேய்பவை அவையே. லென்ஸை வைத்துப் பாருங்கள்: ஊசிபோல் இருக்கின்றன. இப்போது கட்டின் நடுவிலுள்ள முடிச்சைப் பாருங்கள். அது கதிர்களைவிடத் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. ஆனால் மழுங்கியிருக்கிறது. அந்த முடிச்சு எங்கே இருக்கிறது தெரியுமா? கன்னத்துக்கு நேர் பின்னால்.

மேட்டைத் தொடாத உரசல் பள்ளத்தை எப்படித் தொடும்? தொடாது. நாணயச்சாலையில் அச்சுகள் இரண்டும் வெற்று உலோக வில்லையை அழுத்தியபோது, அந்த இடத்தில் இரு பக்கமும் ஒருசேர நிரம்புவதற்கு உலோகம் போதவில்லை. கன்னம் தேயவில்லை, சம்பந்தியம்மா. அது முழுதாக எழும்பவே இல்லை.

பாருங்கள். தங்கள் கண்ணுக்கு அப்படித் தெரிந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். எனக்காக இட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


பிப்ரவரி 17

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதம் வந்தபோது கவுண்டரில் இருந்தேன். நீங்கள் 'அவர்களுக்கு' என்பதை விட்டுவிட்டு வெறும் 'சம்பந்தியம்மா' என்று எழுதியதைப் பார்த்ததுமே கோபத்தின் அளவு புரிந்துவிட்டது. படகு கிளம்பும்வரை காத்திருந்து, அறைக்குள் போய் விளக்கை ஏற்றினேன்.

முடிச்சு மழுங்கல். கதிர் ஊசி.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கேப்டன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். அவர் கையில் லென்ஸைக் கொடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே எடத்துலயா? அப்போ இது பொறக்கும்போதே இப்படித்தான்!" என்றார். நாணயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர். எனக்கோ, தேய்மானத்தையே பார்த்துப் பார்த்துப் பழகின கண். பார்த்த இடத்தில் எல்லாம் தேய்மானம் தெரிந்தது. திருப்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை. தேய்ந்த கன்னம் என்று ஒரு வீட்டையே சிரிக்கவைத்தேன், இப்போது என் கன்னம்தான் சிவந்து கிடக்கிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். புதுநிலை. உங்களுக்காக இல்லை. அது புதுநிலை என்பதால்.

பச்சைப் புள்ளி நாணயத்துக்கு நீங்கள் சொன்ன நடுத்தரத்தையே எழுதிவிடலாம். ஒருத்தர் ஒன்றைப் பிடித்தால் இன்னொருத்தர் ஒன்றை விடவேண்டும்தானே. பத்தும் இத்துடன் வருகிறது.

நான் வர முடியாது. இன்னொரு கவுண்டர்காரிக்கு அந்த வாரம் முழுக்க லீவு, கண்காட்சி நாளில் நான் மட்டும்தான். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். விதிமுறையில் மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு நாணயத்துக்குக் கேட்கலாம். தோற்றால் மொத்தப் பதிவும் தள்ளுபடி. ஆத்திரத்தில் அதைக் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டே தீர வேண்டுமென்றால், கவுண்டருக்குப் போன் பண்ணுங்கள். ஒரே ஒரு தடவை உங்கள் குரலைப் போனில் கேட்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 4

என் அருமைச் சம்பந்தியம்மா,

முடிவை நம் பிள்ளைகள் அன்றே தங்களுக்குக் கூறியிருப்பார்கள். அவர்கள் கூறியது சுருக்கம். அவர்கள் அரங்கத்தில் பின்வரிசையில் நின்றிருந்தார்கள். நான் மேசையருகில் நின்றேன். ஆகவே முழுவதையும் நானே எழுதுவதுதான் முறை.

காலையில் அட்டைகளைத் திருப்பி வைத்தார்கள். கூட்டி எழுதியதற்கு மட்டுமே சிவப்புப் பென்சில் என்பது வழக்கம். நம் மேசையில் ஒன்பது அட்டைகளில் சிவப்பு இல்லை. பெண்முக நாணயத்தின் அட்டையில் மட்டும் சிவப்புப் பென்சிலால் "அண்மைநிலை. மிகை மதிப்பு" என்று எழுதியிருந்தது. அதற்கு என்ன பொருள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். செயலாளர் என் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தார். பட்டியல் அவர் கையில் இருந்தது.

எனக்கு அச்சம் எழவில்லை என்று எழுத ஆசைதான். எழுந்தது. என் பெயர் போவதைப் பற்றி அல்ல. அதற்கு நான் ஒப்புக்கொண்டிருந்தேன். மேல்முறையீட்டில் தோற்றால் தங்கள் ஐந்து நாணயங்களும் என்னோடு சேர்ந்து போகும். தாங்கள் ஆண்டுக்கணக்கில் ஈரக்கைகளிலிருந்து பொறுக்கியவை. அதனால்தான் வாசலுக்குப் போய்த் தங்களை அழைத்தேன். தாங்கள் என்ன சொன்னீர்கள் என்பதைத் தாங்களே மறந்திருப்பீர்கள். பின்னால் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. "சம்பந்தி, வரிசை நிக்குது. கேளுங்க!" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் என் பக்கத்துக் காரணங்களை எல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு அழைத்திருந்தேன். ஒன்றைக்கூடச் சொல்லவிடவில்லை.

நான் உள்ளே சென்று மேல்முறையீடு கேட்டேன்.

நடுவர்கள் மூவர்: கடிகாரம் பழுது பார்ப்பவர், பல் மருத்துவர், கணக்கு ஆசிரியை. மூவரில் மூத்தவர் கடிகாரக்காரர். மரியாதையான மனிதர். என்னைத் தனியே அழைத்து, "அம்மா, நல்லா யோசிச்சுக்கங்க. கன்னம் தேஞ்சிருக்கு, நானே பார்த்தேன். தோத்தா உங்க சம்பந்தியோடதும் போயிடும்," என்றார்.

"அவங்களைக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்," என்றேன். "முதல்ல அந்த டியூப் லைட்டை எல்லாம் அணைக்கச் சொல்லுங்க."

"மத்தவங்க எல்லாம் இருட்டுலயா நிக்கணும்?"

"கொஞ்ச நேரம் நின்னா யாரும் தேஞ்சு போயிட மாட்டாங்க."

அரங்கம் சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை; என்னோடு சிரித்தது. விளக்குகளை அணைத்தார்கள். என் கைப்பையிலிருந்து மேசைவிளக்கை எடுத்து வைத்தேன். ஆம், அதைக் கொண்டு போயிருந்தேன். பட்டுப் புடவைக்குப் பொருந்தாத அந்தப் பெரிய பையைப் பற்றி மருமகள் காலையிலேயே கேள்வி எழுப்பியிருந்தாள்.

கடிகாரக்காரர் நாணயத்தை விளிம்பில் பிடித்துச் சாய்த்தார். வெளிச்சம் உருண்டது. மறுபடி சாய்த்தார். மறுபடி உருண்டது. "ஓடுது," என்றார், தனக்குத்தானே. "கன்னத்து மேலயும் ஓடுது. ஆனா கன்னம் தட்டையா இருக்கே, ஏன்?"

"திருப்புங்க ஐயா," என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் சொல்லைப் பார்த்திருப்பார். நாணயத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

திருப்பினார். கண்ணில் செருகிய அவருடைய லென்ஸ் நெடுநேரம் அசையவில்லை. பிறகு பல் மருத்துவரிடம் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டு, "நுனி எல்லாம் கூரா இருக்கு. நடுவுல மட்டும் எழும்பல. இது தேய்மானம் இல்லீங்க, முளைக்காத பல்லு மாதிரி," என்றார். ஆசிரியையோ கடைசிவரை இணங்கவில்லை. "எனக்கு இன்னும் மனசு ஒப்பல. அண்மைநிலைதான் சொல்வேன்," என்று கையைக் கட்டிக்கொண்டார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. தான் கண்டதைத்தான் அவர் சொன்னார். நானும் அதைத்தான் செய்தேன்.

இருவருக்கு ஒருவர். கடிகாரக்காரர் அட்டையை எடுத்தார். "என் கையால போட்டேன், என் கையாலயே அழிக்கிறேன்," என்று சொல்லிச் சிவப்புப் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தார். அதன் மேல் நீல மையில் "புதுநிலை" என்று எழுதிக் கையொப்பமிட்டார். அந்த ரப்பர் காகிதத்தில் உரசிய சத்தத்தைவிட இனிய சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. என் மகன் பின்வரிசையிலிருந்து, "எங்கம்மா!" என்று கத்தினான். நாகரிகமற்ற செயல். நான் கண்டிக்கவில்லை.

சம்பந்தியம்மா, இணைப் போட்டியில் முதலிடம் நமக்கு. பட்டியலில் என் பெயர் இருக்கிறது. என்னுடையதற்குக் கீழே தங்களுடையதும் ஏறியிருக்கிறது. முழு மதிப்பெண் மட்டும் கிடைக்கவில்லை, ஒன்று குறைந்தது. பச்சைப் புள்ளி நாணயம் நன்று என்று மூவரும் ஒருமனதாக எழுதியிருந்தார்கள். தாங்கள் கூறியதே சரி. தாங்கள் எனக்காக விட்டுக்கொடுத்து நடுத்தரம் என்று எழுதியதால் அந்த ஒரு மதிப்பெண் போயிற்று. இனி ஒருபோதும் எனக்காக ஒரு நிலையையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று தங்களை உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். விழா முடிந்ததும் கடிகாரக்காரர் என் மேசைக்கு வந்தார். அடுத்த ஆண்டு அவர் நடுவர் பொறுப்பிலிருந்து விலகுகிறாராம். கண் முன்போல் இல்லையாம். "நீங்களும் உங்க சம்பந்தியும் சேர்ந்து அந்த எடத்துக்கு வரணும்," என்றார். இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. இருவரும் ஒத்துப்போனால்தான் அது செல்லும் என்பது அவருடைய நிபந்தனை.

"ரெண்டு பேரும் ஒத்துப்போறதா? நாங்க சண்டை போடுவோங்க," என்றேன்.

"அதுக்குத்தான் கூப்பிடறேன்," என்றார்.

என்னால் உடனே ஆம் என்று சொல்லியிருக்க முடியும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த நாற்காலி எதிரே வந்து நின்றது. வாய்வரை வந்த ஆம் என்ற சொல்லை விழுங்கிவிட்டு, "எங்க சம்பந்தியைக் கேக்காம நான் எதுவும் சொல்றதில்லை," என்று பதில் அளித்தேன். என் மகனும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது எனக்குத் தெரியாமல் இல்லை.

இந்த மாத இறுதியில் வட்டத்தின் கூட்டம் கூடுகிறது. அதற்குள் தங்கள் சம்மதத்தை நான் தெரிவிக்க வேண்டும். தாமதமின்றிப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி